யந்திரத்தின் ஞாபகம்: மறக்க வேண்டியதும் மறக்கலாகாததும்

ஞாபகசக்தியைப் புகழாத நாடில்லை. கற்றதை மறவாதவனை மேதை என்கிறோம். செய்த உதவியை மறவாதவனைச் சான்றோன் என்கிறோம். ஆயினும் மறதியும் ஒரு வகையில் நன்மையே என்பதை வாழ்க்கையில் அடிபட்டவர் அனைவரும் அறிவர். நேற்றைய கோபத்தை இன்றும் சுமந்து திரிபவனால் ஒரு குடும்பத்தை நடத்த இயலாது. தொழிற்சாலை யந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்றால் அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது ஒரு யந்திரக் கரம் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும், எதை மறந்திருக்க வேண்டும் என்பதை அதை நிறுவும் பொறியியலாளர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். அத்தீர்மானம் பிழைபடுமாயின், அதன் விலை ஒரு தொழிலாளியின் உயிராகவும் இருக்கக்கூடும்.

இது நமக்கு எட்டாத விஷயம் அன்று. புனேக்கு அருகே சாக்கன், ஹரியானாவில் மானேசர், குஜராத்தில் சானந்த் போன்ற இடங்களில் மோட்டார் வாகனங்களும் அவற்றின் உறுப்புக்களும் உற்பத்தியாகின்றன. அங்கெல்லாம் பற்றவைப்பதற்கும், தகடுகளை எடுத்து வைப்பதற்கும் ரோபோ எனப்படும் யந்திரக் கரங்கள் உழைக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து டிப்ளமாவோ ஐ.டி.ஐ. சான்றிதழோ பெற்றுப் பிற மாநிலங்களுக்குச் சென்ற இளைஞர்கள் இத்தகைய கரங்களின் அருகிலே நாள்தோறும் நிற்கின்றனர். அவர்களும், அவர்களை எண்ணிக் கவலையுறும் வீட்டாரும், இக்கரத்தின் ஞாபகம் எப்படிப்பட்டது என்பதை அறிந்து வைத்தல் நலம்.

முதலில் ரிலே என்னும் சாதனத்தைக் காண்போம். வானொலி நேயர்களுக்கு இச்சொல் புதிதன்று. டில்லியிலிருந்து வாசிக்கப்பட்ட தமிழ்ச் செய்தியைச் சென்னையும் திருச்சியும் அஞ்சல் செய்து வந்த காலத்தை முதியோர் நன்கு நினைவுகூர்வர். அந்த அஞ்சலே ஆங்கிலத்தில் ரிலே எனப்படுவது. நெடுவழிப் பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்டும் வழக்கத்திலிருந்து அச்சொல் பிறந்தது. தந்தி முறை தோன்றிய காலத்தில் மின்சாரத்திற்கும் இந்நிலை நேர்ந்தது. நீண்ட கம்பியில் செல்லச் செல்ல மின்னோட்டம் நலிந்துவிடும். 1835-ஆம் ஆண்டளவில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி இதற்கு ஒரு வழி கண்டார். நலிந்து வரும் மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளில் பாய்ந்து அதைக் காந்தமாக்கும். அக்காந்தம் ஓர் இரும்புப் பட்டையை இழுக்கும். இழுபட்ட பட்டை வேறொரு சுற்றை மூடும். அச்சுற்றிலே புதிய பாட்டரியிலிருந்து வலுவான மின்னோட்டம் புறப்படும். குதிரை மாற்றுவது போலவே இதுவும்.

ரிலேயின் தொடுமுனைகள் இரு வகைப்படும். சுருளில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருந்து, மின்சாரம் வந்ததும் மூடுவது ஒரு வகை. மின்சாரம் இல்லாதபோது மூடியிருந்து, வந்ததும் திறப்பது மற்றொரு வகை. இவ்விரண்டையும் கோத்தால் 'இதுவும் அதுவும் இருந்தால்', 'இது இருந்து அது இல்லாவிட்டால்' என்ற நிபந்தனைகளை எல்லாம் கம்பியிலேயே எழுதிவிடலாம். கதவு மூடியிருந்து, தகடு இடத்தில் இருந்து, ஆள் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அழுத்துயந்திரம் இறங்க வேண்டும் என்ற கட்டளை, மூன்று தொடுமுனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதில் அடங்கிவிடுகிறது.

ரிலே ஞாபகம் பெறும் விதம் இன்னும் சுவையானது. ஒரு மோட்டாரை ஓட்டப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். ரிலே இழுபடுகிறது, மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்தவுடன் மோட்டார் நின்றுவிட்டால் அதனால் யாருக்குப் பயன்? ஆகையால் அந்த ரிலேயின் சொந்தத் தொடுமுனை ஒன்றையே பச்சைப் பொத்தானுக்கு இணையாகப் பூட்டிவிடுவர். விரல் விலகினாலும், தான் மூடிய தொடுமுனை வழியே தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பெற்று ரிலே நிலைத்து நிற்கும். சிவப்புப் பொத்தான் அவ்வழியை அறுக்கும்போதுதான் அது விடும். விரல் ஒரு கணம் தொட்டதை ரிலே மணிக்கணக்கில் நினைவில் வைக்கிறது.

இந்த ஞாபகத்தில் ஓர் அரிய பண்பு உண்டு. மின்சாரம் நின்றால் ரிலே விழுந்துவிடும். தன்னைத் தாங்கிய தொடுமுனையும் திறந்துவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது; யாரேனும் ஒருவர் வந்து மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மின்தடையின்போது பழுது பார்க்க யந்திரத்தினுள் கைவிட்டவனை இந்த மறதியே காப்பாற்றுகிறது. சிவப்புப் பொத்தானுக்கு எப்போதும் மூடியிருக்கும் வகைத் தொடுமுனையை வைப்பதும் இதே நோக்கத்தினால்தான். அதன் கம்பி எங்கேனும் அறுந்துபோனால், யாரோ பொத்தானை அழுத்தியது போலவே யந்திரம் நின்றுவிடும். பழுது ஏற்பட்டால் அது ஓட்டத்தின் பக்கம் சாயாமல் நிறுத்தத்தின் பக்கம் சாய வேண்டும் என்பது இத்துறையின் தலையாய நெறி.

பெரிய தொழிற்சாலைகளில் இத்தகைய ரிலேக்கள் நூற்றுக்கணக்கில் அலமாரி அலமாரியாக நின்றன. மோட்டார் தொழிலில் ஆண்டுதோறும் மாடல் மாறும்போதெல்லாம் அவற்றின் கம்பிகளை அவிழ்த்து மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு மின்னணுச் சாதனத்தைக் கோரியது. டிக் மார்லி என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய மோடிகான் 084 என்னும் சாதனம் 1969-இல் வெளிவந்தது. இன்று பி.எல்.சி. என்று எல்லாத் தொழிற்சாலைகளிலும் வழங்கும் கருவியின் மூதாதை இதுவே.

இதனை வடித்தவர்கள் தொழிலாளியின் பழக்கத்தை மதித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மின்சாரப் பணியாளர்கள் ரிலேச் சுற்றுக்களை ஏணி போன்ற படமாக வரைவது வழக்கம். இரு நெடுங்கோடுகள் ஏணியின் கால்கள். அவற்றிடையே தொடுமுனைகளும் சுருள்களும் கொண்ட குறுக்குக் கோடுகள் அதன் படிகள். புதிய சாதனத்திற்குக் கட்டளை எழுதவும் அதே ஏணிப் படத்தை வைத்துக்கொண்டனர். ஆனால் படத்தில் காணும் ரிலே, காந்தமும் இரும்பும் கொண்ட பொருள் அன்று. நினைவகத்தில் ஒரு பிட் என்னும் சிற்றிடம் மட்டுமே. அவ்விடத்தில் 1 இருந்தால் ரிலே இழுபட்டது என்று பொருள். 0 இருந்தால் விழுந்தது என்று பொருள். சாதனம் முதலில் வெளியிலிருந்து வரும் குறிப்புக்களை எல்லாம் படிக்கிறது. பிறகு ஏணியை மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை கணக்கிடுகிறது. முடிவில் வெளியே அனுப்ப வேண்டியவற்றை அனுப்புகிறது. இச்சுற்றை ஒரு விநாடிக்குள் பலமுறை செய்து முடிக்கிறது.

ரிலே பொருளாக இருந்தவரை, மின்சாரம் போனால் மறப்பது அதன் பிறவிக் குணம். ரிலே நினைவகத்தின் ஓர் இடமாக மாறியபின், மறப்பதும் மறவாதிருப்பதும் அமைப்பவரின் விருப்பமாகிவிட்டன. அதனாலேதான் ரிலேக்களும் நினைவிடங்களும் பல வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவ்வகைகளைக் காண்போம்.

ஜப்பானில் ஃபூஜி மலையின் அடிவாரத்தில் ஓஷினோ என்னும் கிராமம் உள்ளது. ஃபனுக் என்னும் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். மஞ்சள் நிறம் பூசிய அதன் ரோபோக்களை நம் நாட்டின் மோட்டார் தொழிற்சாலைகளில் பலரும் கண்டிருப்பர். அந்த ரோபோவின் கண்ட்ரோலருக்குள்ளேயே பி.எம்.சி. என்னும் ஏணிக் கட்டளைப் பகுதியையும் வேண்டுவோர் சேர்த்துப் பெறலாம். அதில் ஒவ்வொரு வகை இடத்திற்கும் ஓர் ஆங்கில எழுத்துப் பெயர் உண்டு. எழுத்தை அடுத்து வரும் எண் பைட்டைக் குறிக்கும். புள்ளிக்குப் பின் வரும் 0 முதல் 7 வரையிலான எண் அந்தப் பைட்டினுள் எந்தப் பிட் என்பதைக் குறிக்கும். தெருப் பெயரும், வீட்டு எண்ணும், அறை எண்ணும் கொண்ட விலாசத்தைப் போன்றது இது.

எக்ஸ் என்பது வெளியிலிருந்து வரும் செய்தி: பொத்தான், கதவின் ஸ்விட்ச், தகடு இருக்கிறதா என்று பார்க்கும் சென்ஸார் ஆகியவற்றின் சொல். ஒய் என்பது வெளியே செல்லும் ஆணை: விளக்கு, வால்வு, மணி ஆகியவற்றுக்கு உரியது. எஃப் என்பது ரோபோ ஏணிக்குக் கூறுவது. ஜி என்பது ஏணி ரோபோவுக்குக் கூறுவது. இந்நான்கும் வாசல்கள் போன்றவை. எக்ஸ் உலகத்தின் இப்போதைய நிலையைக் காட்டும் சாட்சி என்பதை மட்டும் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டினுள்ளே இருப்பவை வேறு. ஆர் என்பது உள் ரிலே. கணக்கின் இடையே தோன்றும் முடிவுகளைக் குறித்துக்கொள்ளும் சிலேட்டுப் பலகை இது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டால் பலகை துடைக்கப்பட்டு எல்லாம் 0 ஆகிவிடும். கே என்பது நிலைகாக்கும் ரிலே; இதைக் கீப் ரிலே என்பர். மின்சாரம் நின்றாலும் இதில் எழுதியது அழியாது. டி என்ற எழுத்தின் கீழ் காலக்கணக்கிகளுக்கு விதித்த கால அளவுகளும், சி என்ற எழுத்தின் கீழ் எண்ணிக்கைகளும், மற்றோர் எழுத்தின் கீழ் எண்களின் அட்டவணையாகிய தரவுப் பட்டியலும் இருக்கின்றன. இவையும் மின்தடையைத் தாண்டி நிலைப்பவை. சிலேட்டில் எழுதுவதையும், பேரேட்டில் பதிவதையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இனி உண்மையான சோதனைக்கு வருவோம். ஓர் அழுத்துயந்திரத்திலிருந்து தகட்டை எடுத்து அடுத்த மேடையில் வைக்கும் யந்திரக் கரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தகட்டைப் பற்றியபடி அது பாதிவழியில் செல்கையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. இப்போது நான்கு செய்திகள் உள்ளன. கரம் தகட்டைப் பற்றியிருக்கிறது என்பது ஒன்று. இந்த ஷிப்டில் இதுவரை 412 தகடுகள் முடிந்தன என்பது ஒன்று. இன்று ஓடுவது இன்ன மாடல் என்பது ஒன்று. 'ஓடு' என்று ஆணை தரப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. இவற்றுள் எதைப் பேரேட்டில் எழுதுவது, எதைச் சிலேட்டில் எழுதுவது?

எண்ணிக்கையும் மாடலும் பேரேட்டுக்குரியவை என்பதில் ஐயமில்லை. தகட்டைப் பற்றிய செய்தியை மறந்துவிட்டால், மின்சாரம் வந்தபின் கரம் தன் கை வெறுங்கை என்றே எண்ணிக்கொண்டு அடுத்த தகட்டை எடுக்கச் செல்லும். கையிலுள்ள தகடு அச்சில் மோதி உடையும். எனவே அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் 'ஓடு' என்ற ஆணையை எக்காரணம் கொண்டும் நினைவில் வைக்கலாகாது. மின்தடை நேர்ந்தவுடன், தகடு எந்நிலையில் நிற்கிறது என்று காண ஒரு தொழிலாளி வேலிக்குள் சென்றிருக்கக்கூடும். மின்சாரம் வந்த கணத்தில் பழைய ஆணை உயிர்பெற்றால் அவர் கதி என்ன? ஆகவே நிலையை நினைவில் வை, ஆணையை மறந்துவிடு என்பதே இங்கு விதி. மின்சாரம் மீண்டு வந்ததாலேயே யந்திரம் தானாகத் தொடங்கி ஆபத்து விளைவிக்கலாகாது என்று யந்திர மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரநிலையும் விதிக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தானை விடுவிப்பது மட்டுமே யந்திரத்தை ஓடச் செய்யலாகாது என்பதும் அதே வழியில் வந்த விதியே.

இத்துடனும் கடமை முடிந்துவிடவில்லை. மின்தடையின்போது தொழிலாளி அத்தகட்டைக் கையாலேயே அகற்றிவிட்டார் எனக் கொள்வோம். 'கையில் தகடு உண்டு' என்று பேரேடு இன்னும் கூறும். ஆனால் அது இப்போது பொய். ஆதலால் பேரேட்டில் உள்ளதை, எக்ஸ் என்னும் சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே மேற்செல்லும்படி நல்ல பொறியியலாளர் ஏணியை அமைக்கிறார். ஒவ்வாவிடில் யந்திரம் நின்று மனிதனை அழைக்க வேண்டும்.

ஞாபகம் மின்னணுவில் மட்டும் இருப்பதன்று. கரத்தின் பிடியை இயக்கும் காற்று வால்வைப் பாருங்கள். ஒரு சுருளும் ஒரு வில்லும் கொண்ட வால்வு மின்சாரம் நின்றதும் வில்லின் விசையால் பழைய இடத்திற்குத் திரும்பிவிடும், அதாவது மறந்துவிடும். இருபுறமும் சுருள் கொண்ட வால்வு கடைசியாக எங்கே தள்ளப்பட்டதோ அங்கேயே நிற்கும், அது மறவாது. பத்துக் கிலோ இரும்பைத் தூக்கி நிற்கும் கரத்தில் மறக்கும் வால்வைத் தவறான முறையில் பூட்டினால், மின்தடையின்போது இரும்பு கீழே நிற்பவர் தலையில் விழும். ஏணிப் படத்தின் கே ரிலேயையும் இந்த வால்வையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபனுக் கண்ட்ரோலரில் ஹாட் ஸ்டார்ட், கோல்ட் ஸ்டார்ட் என இரு தொடக்க முறைகள் உண்டு. முதலாவதில், மின்சாரம் நின்றபோது இருந்த வெளியீடுகளும், புரோகிராம் நின்ற இடமும் மீட்கப்படுகின்றன. ஆயினும் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் இடைநிறுத்தப்பட்ட நிலையிலேயே காத்திருக்கும். மனிதன் சொன்னால்தான் தொடரும். இரண்டாவதில் வெளியீடுகள் யாவும் அணைந்து, புரோகிராமும் கைவிடப்பட்டுவிடும். எந்த முறை அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் மெயின் ஸ்விட்சைப் போடுவது, வாகனத்தின் கியரைப் பாராமல் அதை முடுக்குவதற்கு ஒப்பாகும்.

பேரேடு அழியாமல் இருப்பதும் மாயத்தினால் அன்று. கண்ட்ரோலரின் நினைவகங்கள் மூவகை. கம்பெனியின் அடிப்படை மென்பொருள் மின்சாரமே இன்றி நிலைக்கும் வகையில் இருக்கிறது. வேலை நேரக் கணக்குகள் மின்சாரம் உள்ளவரை நிற்கும் வகையில் இருக்கின்றன. நாம் கற்பித்த புரோகிராம்களும் அமைப்புக்களும் சிறு லித்தியம் பாட்டரி ஒன்றின் துணையால் நிற்கும் வகையில் இருக்கின்றன. அந்தப் பாட்டரியை நான்காண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. கரத்தின் அடிப்பகுதியில் வேறு பாட்டரிகள் உள்ளன. ஒவ்வொரு மூட்டும் எக்கோணத்தில் நிற்கிறது என்ற ஞாபகத்தை அவை காக்கின்றன. இவற்றைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவர். இம்மாற்றத்தைக் கண்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்கும்போதே, அவசர நிறுத்தத்தை அழுத்திவைத்துச் செய்ய வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பழைய பாட்டரியை எடுத்தால் கரம் தன் மூட்டுக்களின் நிலையை மறந்துவிடும். ஒவ்வொரு மூட்டையும் மீண்டும் அளவு பார்த்து நிறுத்த வேண்டிவரும். திரையில் 065 என்ற எண்ணுடன் தோன்றும் எச்சரிக்கை பாட்டரி தளர்கிறது என்று கூறுகிறது. 062 தோன்றினால் ஞாபகம் போய்விட்டது என்று பொருள். முதற்குரலைக் கேட்டும் அசட்டையாக இருந்தவர் இரண்டாவதையும் கேட்க நேரிடும்.

இவ்வளவு எச்சரிக்கையும் எதற்காக என்பதை வரலாறு கூறும். 1979 ஜனவரி 25-ஆம் தேதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பண்டம் எடுக்கச் சென்ற தொழிலாளியை ஒரு ரோபோ தாக்கிக் கொன்றது. 1981-இல் ஜப்பானின் அகாஷியில் பழுது பார்க்கச் சென்ற ஒருவர் உயிரிழந்தார். வேலிக் கதவைத் திறந்திருந்தால் மின்சாரம் தானே அறுபட்டிருக்கும். அவர் வேலியைத் தாண்டி உள்ளே சென்றார் என்று அப்போது செய்தி வெளியாயிற்று. 2015 ஆகஸ்டில் நம் ஹரியானாவின் மானேசரிலேயே ஓர் இளைஞரின் உயிர் ரோபோவின் கரத்தால் பறிபோயிற்று. இவை யாவும் ரிலேயின் குறையால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. ஓடும் கரத்தின் எல்லைக்குள் மனிதன் நின்றால் என்ன நேரும் என்பதற்கு இவை சாட்சி. இக்காரணத்தால்தான் அவசர நிறுத்தத்தையும் வேலிக் கதவையும் சாதாரண ஏணிக் கட்டளையை மட்டும் நம்பி விடுவதில்லை. அவற்றுக்கென இரட்டைக் கம்பி வழிகளும், பாதுகாப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட தனிச் சாதனங்களும் உள்ளன. ஒருவழி கெட்டாலும் மறுவழி யந்திரத்தை நிறுத்தும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோருக்கு இத்துறைச் சொற்கள் ஓர் எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றன. கீப் ரிலே என்ற சொல்லை 'நிலைகாக்கும் அஞ்சல்' என்று பெயர்ப்பது எளிது. ஆனால் மராட்டியரும், பிஹாரியரும், ஒடியரும், தமிழரும் தோளோடு தோள் நின்று உழைக்கும் தொழிற்கூடத்தில் சொல் யாதாயினும் ஆகுக; அதன் பொருள் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் விளங்கியிருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது என்பதால், புதிதாக வந்த தமிழ் இளைஞர் அதனைப் புரிந்துகொண்டார் என்று கொள்வதற்கில்லை. முன்பே அங்கிருக்கும் மூத்த தமிழர், தம்பி என்று அழைத்து ஐந்து நிமிஷம் எடுத்துரைத்தால் அதுவே பெரும் தொண்டாகும்.

அவர் எடுத்துரைக்க வேண்டியவை அதிகம் அல்ல. மின்சாரம் நின்றிருக்கும் யந்திரத்தை ஓய்ந்த யந்திரம் என்று எண்ண வேண்டாம். அது எதையேனும் நினைவில் வைத்துக் காத்திருக்கக்கூடும். உள்ளே செல்லுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடியில் பொருள் இருந்தால் அதன் கீழே நிற்காதீர்கள். கையால் எதையேனும் அகற்றினால் அதைப் பொறுப்பாளரிடம் கூறி யந்திரத்தின் பேரேட்டையும் திருத்தச் செய்யுங்கள். கே ரிலே எதையும் ஏன் என்று அறியாமல் மாற்றாதீர்கள். மாற்றினால், அடுத்த ஷிப்டில் வருபவருக்காக அதை எழுதி வையுங்கள். புரோகிராம்களின் நகல் ஒன்று வெளியே பத்திரமாக இருக்கட்டும். யந்திரம் தனக்கு இட்டதை மட்டுமே நினைவில் வைக்கும்; வேலிக்குள் ஒருவர் இருக்கிறார் என்பதை வெளியில் நிற்பவர் நினைவில் வைக்க வேண்டும்.